வெறுமையாய்த் திரும்பும் லாரிகள்

நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று, செல்லும் லாரிகளை உற்று நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் அறிந்துகொள்ளலாம். நெல் மூட்டைகளையும் சிமெண்டையும் இரும்புக் கம்பிகளையும் சுமந்து மெல்லச் செல்லும் வண்டிகளுக்கிடையே, பின்தட்டு கடகடவென்று ஒலிக்க, யாதொன்றும் ஏற்றாமல் விரைந்து செல்லும் வண்டிகளும் உண்டு. அவ்வண்டிகளிலும் எண்ணெய் எரிகிறது, டயர்கள் தேய்கின்றன, சுங்கச் சாவடியில் கட்டணம் செலுத்தப்படுகிறது, ஓட்டுநர் கண் விழித்து ஓட்டுகிறார். ஆயினும் ஒரு கிலோ சரக்கேனும் இடம் பெயர்வதில்லை. இத்தகைய பயணத்தை ‘வெறும் ஓட்டம்’ என்று குறிப்பிடுவோம்.

இதனால் வரும் நஷ்டம் லாரி உரிமையாளருடையதே என்று பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. திரும்பும்போது சுமை கிடைக்காது என்பதை அறிந்த உரிமையாளர், திரும்பும் செலவையும் சேர்த்தே போகும் சரக்குக்கு வாடகை கேட்கிறார். ஆகவே தக்காளி பயிரிட்டவருக்குக் கிடைக்கும் விலையிலிருந்து ஒரு பகுதியும், அதை வாங்கி உண்பவர் கொடுக்கும் விலையில் ஒரு பகுதியும் வெறும் லாரியை ஓட்டுவதற்கே செலவாகின்றன. இந்தியாவில் இடம் பெயரும் சரக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சாலை வழியாகவே செல்கிறது. ஆதலால் இது நாட்டின் பொருளாதாரத்தையே தொடும் ஒரு பிரச்னையாகும்.

வெறும் ஓட்டத்தை அடியோடு ஒழித்துவிட இயலுமா? இயலாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நல்ல சாலைகளும், பெரிய போக்குவரத்து நிறுவனங்களும், செய்தித் தொடர்பு வசதிகளும் நிறைந்துள்ளன. அங்கும் லாரிகள் ஓடும் மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஓட்டமே என்று அவ்வொன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் கணக்குகள் காட்டுகின்றன. எனவே தவிர்க்க முடியாத வெறும் ஓட்டம் எது, தவிர்க்கக் கூடியது எது என்று பிரித்தறிவதே நாம் முதலில் செய்ய வேண்டிய வேலை. அவ்வாறு பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெறும் லாரிக்கு எவ்வளவு எண்ணெய்?

சுமை இல்லாத லாரி மிகக் குறைந்த எண்ணெயில் ஓடிவிடும் என்பது பொதுவான எண்ணம். இயற்பியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் செல்லும் லாரியை இரண்டு தடைகள் எதிர்க்கின்றன. ஒன்று, டயர்கள் உருளும்போது உண்டாகும் உருள் தடை. இது வண்டியின் மொத்த எடைக்கு ஏற்ப மிகும். மற்றொன்று காற்றின் தடை; இது வண்டியின் முகப்பளவையும் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்ததே அன்றி, உள்ளே சுமை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று.

எடுத்துக்காட்டாக, வெறும் எடை 6 டன்னும் சுமை 12 டன்னும் உள்ள, இரண்டு அச்சுகள் கொண்ட ஒரு லாரியைக் கொள்வோம். சுமையோடு அதன் எடை 18 டன். இத்தகைய லாரியின் மொத்த எடைக்கு 16.2 டன் என்றிருந்த உச்ச வரம்பு 2018-ஆம் ஆண்டில் 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. ஆகவே நம் லாரி வரம்புக்கு உட்பட்டதே. உருள் தடைக் கெழு 0.008 என்று கொண்டால், சுமையுள்ள லாரியின் உருள் தடை சுமார் 1,410 நியூட்டன். வெறும் லாரிக்கு 470 நியூட்டன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டுக்கும் காற்றுத் தடை ஏறக்குறைய 930 நியூட்டன். கூட்டிப் பார்த்தால் சுமையுள்ள லாரிக்கு 2,340 நியூட்டனும், வெறும் லாரிக்கு 1,400 நியூட்டனும் ஆகின்றன. எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும், தடை ஐந்தில் மூன்று பங்காகவே குறைந்திருக்கிறது. அன்றியும், எஞ்சினுக்குள் நிகழும் உராய்வு சுமையால் அதிகம் மாறுவதில்லை. மேடேறும் வழிகளிலும், அடிக்கடி நின்று புறப்படும் வழிகளிலும் எடையின் பங்கு கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி எண்ணெய்க் கணக்கைப் பார்ப்போம். கணக்கின் பொருட்டு, அந்த லாரி சுமையோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டரும், வெறுமையாக 6 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குச் சுமையோடு செல்ல 250 லிட்டரும், வெறுமையாகத் திரும்ப 167 லிட்டரும் ஆக மொத்தம் 417 லிட்டர் செலவாகும். எதிர்த் திசையில் செல்ல வேண்டிய 12 டன் சரக்கு ஒன்றும் இருந்து, அதை எடுத்துச்செல்ல வேறொரு லாரி அவ்வாறே ஒரு வழி சுமையோடும் மறுவழி வெறுமையாகவும் ஓடினால், இரண்டு லாரிகளுக்கும் சேர்ந்து 834 லிட்டர் ஆகும். ஒரே லாரி போகும்போது ஒரு சுமையும் வரும்போது மற்றொரு சுமையும் ஏற்றிக்கொண்டால் 500 லிட்டர் போதும். வேலை அதுவே, மிச்சமாவது 334 லிட்டர், அதாவது 100-க்கு 40 பங்கு.

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவாயிற்றே, புகை மட்டும் எவ்வாறு மிகுந்த எடை உடையதாகும் என்று மாணவர் வினவக்கூடும். டீசலிலுள்ள கார்பனோடு காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கூடுவதே காரணம் என்று ஆசிரியர் விளக்கலாம். மேற்கண்ட ஒரு பயணத்தில் மட்டும் ஏறக்குறைய 900 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் கலவாமல் தடுக்கப்படுகிறது. இதற்காகப் புதிய எஞ்சினோ புதிய எரிபொருளோ தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

காரணங்கள் நான்கு

வெறும் ஓட்டத்துக்கான முதற் காரணம் சரக்கின் சமமின்மை. ஒரு பிரதேசத்துக்குள் வரும் சரக்கும் அங்கிருந்து வெளியே செல்லும் சரக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. கேரளத்துக்கு அரிசி, காய்கறி, சிமெண்ட் முதலியன நாள்தோறும் வருகின்றன. அங்கிருந்து ரப்பரும் ஒட்டுப்பலகையும் நறுமணப் பொருள்களும் வெளியே செல்லினும், வரும் லாரிகள் அனைத்துக்கும் அவை போதமாட்டா. அஸ்ஸாமின் நிலையும் இத்தகையதே. அங்கு விளையும் தேயிலை விலை மிக்கதாயினும், உள்ளே வரும் உணவுப் பொருள்களையும் கட்டடப் பொருள்களையும் நோக்க எடையில் சிறிது. காஷ்மீரத்திலோ பருவத்துக்குப் பருவம் நிலை மாறுகிறது. ஆப்பிள் அறுவடைக் காலத்தில் ஸோபூர் சந்தையிலிருந்து தில்லி ஆஸாத்பூர் சந்தைக்குப் பழம் கொண்டுவர லாரிகள் போதா; மற்றக் காலங்களில் மலையேறிச் சென்ற லாரிகளுக்குத் திரும்பச் சுமை கிடைப்பது அரிது.

இரண்டாவது காரணம் வண்டியின் தன்மை. சமையல் எரிவாயு கொண்டு செல்லும் டாங்கர் லாரி வேறு எதையும் ஏற்ற இயலாது. நாமக்கல்லை மையமாகக் கொண்டு இயங்கும் எரிவாயு டாங்கர்கள் சுமையோடு சென்ற தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வெறுமையாகத் திரும்பியே ஆக வேண்டும். பாலுக்கும் பெட்ரோலுக்கும் உரிய டாங்கர்களும், மணல் ஏற்றும் டிப்பர்களும் பெரும்பாலும் இவ்வாறே. இவற்றுக்குப் பரிகாரம், ஓடும் தூரத்தையே குறைப்பதாகும். ஜாம்நகரிலிருந்து தில்லிக்கு அருகேயுள்ள லோனி வரை எரிவாயுக் குழாய் 2001-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. இத்தகைய குழாய்கள் அமையும்போது டாங்கர்களின் நீண்ட ஓட்டங்கள் குறைகின்றன.

மூன்றாவது காரணம் அவசரம். ஆலையின் சொந்த லாரி, அடுத்த நாள் காலையில் மீண்டும் சுமையேற்ற ஆலை வாயிலில் நின்றாக வேண்டும். அது வழியில் பிறர் சரக்கைத் தேடி நிற்பதற்கில்லை.

நான்காவது காரணமே நம் கவனத்துக்கு மிகவும் உரியது. ஓர் ஊரில் சரக்கு லாரிக்காகக் காத்திருக்கும். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் லாரி சரக்குக்காகக் காத்திருக்கும். ஒன்றைப் பற்றிய செய்தி மற்றொன்றுக்கு எட்டுவதில்லை. இது செய்திக் குறைவால் விளையும் வெறும் ஓட்டம்.

இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. ஒரு சாலையில் ஒரே திசையில் மட்டும் வெறும் லாரிகள் சென்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் சரக்கின் சமமின்மை. இரு திசைகளிலும் ஒரே வகை லாரிகள் வெறுமையாகச் சென்று, ஒன்றையொன்று எதிரெதிரே கடந்தால், அதற்குச் சமமின்மை காரணமாகாது. இந்த லாரியின் சுமையை அந்த லாரி எடுத்துச் சென்றிருக்கக் கூடும். அந்த லாரியின் சுமையை இந்த லாரி எடுத்து வந்திருக்கக் கூடும். எதிரெதிரே கடக்கும் வெறும் லாரிகளே தவிர்க்கக் கூடிய வெறும் ஓட்டத்தின் அடையாளம்.

கப்பல் வாரியத்தில் பிறந்த கணக்கு

இப்பிரச்னையைக் கணித அறிஞர்கள் நெடுநாளாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். ஸோவியத் ரஷ்யாவில் ஏ. என். டால்ஸ்டாய் என்பவர் 1930-ஆம் ஆண்டிலேயே, ரயில் வழியாகச் செல்லும் சரக்கின் மொத்தக் கிலோமீட்டரை எவ்வாறு குறைக்கலாம் என்று ஆராய்ந்து எழுதினார். லெனின்கிராடில் லியோனிட் காண்டரோவிச் 1939-இலும், அமெரிக்காவில் எஃப். எல். ஹிட்ச்காக் 1941-இலும் இத்துறையில் முக்கியமான ஆய்வுகளை வெளியிட்டனர்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குப் போர்த்தளவாடங்களும் உணவுப் பொருள்களும் கப்பல் கப்பலாகச் சென்றன. அக்கப்பல்கள் திரும்பி வருகையில் அவற்றுக்குப் போதிய சரக்கு இல்லை. வாஷிங்டனில் நேச நாடுகள் அமைத்திருந்த கூட்டுக் கப்பல் வாரியத்தில் பணியாற்றிய டியாலிங் கூப்மன்ஸ் என்ற அறிஞர், வெறும் கப்பல்களை எத்துறைமுகத்திலிருந்து எத்துறைமுகத்துக்கு அனுப்பினால் மொத்த விரயம் குறையும் என்று கணக்கிட்டார். ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கிய கப்பல், அங்கு ஒரு வெறும் கப்பலாகச் சேர்கிறது. புறப்பட்ட துறைமுகத்தில் ஒரு கப்பல் குறைகிறது. ஆகவே ஒரு வழியின் உண்மையான செலவை அவ்வழியை மட்டும் நோக்கி அறிய முடியாது. வழிகள் அனைத்தையும் சேர்த்து நோக்கியே அறிய முடியும் என்பது அவர் கண்ட முடிவு. கூப்மன்ஸும் காண்டரோவிச்சும் 1975-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

லாரித் தொழிலில் ஈடுபட்டவர்கள் இம்முடிவைப் பட்டறிவால் அறிந்திருக்கின்றனர். லாரிகள் மிகுந்து சரக்குக் குறைந்த ஊரில் வாடகை இறங்குகிறது. சரக்கு மிகுந்து லாரிகள் குறைந்த ஊரில் ஏறுகிறது. இந்திய ரயில்வேயும், வழக்கமாக வெறும் வாகன்கள் செல்லும் திசையில் சரக்கு ஏற்றுவோருக்குக் கட்டணத் தள்ளுபடித் திட்டம் வகுத்ததுண்டு. வெறுமையாகச் செல்லும் இடத்தைக் குறைந்த விலைக்கேனும் விற்றுவிடுவது நலம் என்பதே அதன் தத்துவம்.

குஜராத் சாலையில் ஓர் எடுத்துக்காட்டு

மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையில் வாப்பி, ஸூரத், பரூச், வடோதரா ஆகிய தொழில் நகரங்கள் இவ்வரிசையில் அமைந்துள்ளன. வாப்பியிலிருந்து ஸூரத் சுமார் 115 கிலோமீட்டர். ஸூரத்திலிருந்து பரூச் சுமார் 70. பரூச்சிலிருந்து வடோதரா சுமார் 75. ஒரு நாள் காலையில் ஸூரத்தில் ஒரு லாரியும் வடோதராவில் ஒரு லாரியும் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாக நிற்கின்றன என்று கொள்வோம். வாப்பியில் ஒரு சுமையும் பரூச்சில் ஒரு சுமையும் லாரிக்குக் காத்திருக்கின்றன. எந்த லாரி எங்கே செல்ல வேண்டும்?

மிக அருகிலுள்ளதை முதலில் இணைப்பதே சிறந்தது என்று தோன்றும். ஸூரத் லாரி 70 கிலோமீட்டர் சென்று பரூச் சுமையை எடுக்கட்டும் என்போம். அப்படியானால் வடோதரா லாரி வாப்பிக்குச் செல்ல வேண்டும். தூரம் 260 கிலோமீட்டர். ஆக வெறும் ஓட்டம் 330 கிலோமீட்டர். இதற்கு மாறாக, ஸூரத் லாரியை வாப்பிக்கும் வடோதரா லாரியைப் பரூச்சுக்கும் அனுப்பினால், 115-உம் 75-உம் சேர்ந்து 190 கிலோமீட்டரே ஆகும். ஸூரத் லாரிக்கு 45 கிலோமீட்டர் கூடுதல். ஆயினும் மொத்தத்தில் 140 கிலோமீட்டர் மிச்சம்.

ஒவ்வொருவரும் தமக்கு நெருங்கியதைத் தேர்ந்துகொண்டால் மொத்தம் குறைந்துவிடும் என்பது உண்மையன்று என்று இதனால் விளங்கும். முதல் ஏற்பாட்டின்படி இரண்டு லாரிகளும் ஸூரத்துக்கும் பரூச்சுக்கும் இடையே வெறுமையாக எதிரெதிரே கடந்து செல்கின்றன என்பதை வரைபடத்தில் கோடிட்டுப் பார்த்தால் காணலாம். இரண்டாவது ஏற்பாட்டில் அக்கடத்தல் இல்லை. நாம் முன்னர்க் கூறிய அடையாளம் இங்கும் பொருந்துகிறது. நான்கு ஊர்களுக்குக் கையால் கணக்கிடலாம். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கும் ஆயிரக்கணக்கான லாரிகளுக்கும் இதே கணக்கைக் கணிப்பொறிகள் சில நொடிகளில் செய்துவிடுகின்றன. ஆனால் லாரி எங்கே, சரக்கு எங்கே என்ற செய்தி முதலில் அவற்றுக்குக் கிடைத்தாக வேண்டும்.

இரண்டு ஊர்களுக்கிடையே சரக்கு சமமாக இல்லாதபோது மூன்று அல்லது நான்கு ஊர்களை இணைக்கும் முக்கோண ஓட்டம் துணை செய்கிறது. குஜராத்தில் மோர்வியிலிருந்து ஓடுகள் ஏற்றி எர்ணாகுளம் வந்த லாரிக்கு அங்கேயே திரும்பு சுமை கிடைக்காமற் போகலாம். அது வெறுமையாக 190 கிலோமீட்டர் அளவு வந்து, கோயம்புத்தூரில் நூல் ஏற்றி, மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டியின் விசைத்தறிகளுக்குக் கொண்டு செல்லலாம். அங்கிருந்து குஜராத்துக்குச் சுமை கிடைப்பது எளிது. ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வெறுமையாகத் திரும்ப வேண்டிய லாரி, அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே வெறுமையாக ஓடுகிறது.

காத்திருப்பதா, திரும்புவதா?

எக்காலத்திலும் சுமை கிடைக்கும் வரை காத்திருப்பதே நன்று என்று கொள்ளலாகாது. நிற்கும் லாரிக்கும் செலவு உண்டு. கடன் தவணை, காப்பீடு, ஓட்டுநரின் சம்பளம், படி ஆகியவை நிற்பதில்லை. மாதிரிக்காக ஒரு கணக்குப் போடுவோம். 1,000 கிலோமீட்டர் திரும்பும் வழிக்கு ஒரு சுமை ரூ. 30,000 வாடகைக்குக் கிடைக்கிறது. சுமையோடு திரும்புவதால் கூடுதலாகும் எண்ணெய் 83 லிட்டர், லிட்டர் ரூ. 90 என்று கொண்டால் ரூ. 7,470. தரகும் ஏற்று இறக்குக் கூலியும் ரூ. 3,000. எஞ்சும் லாபம் ரூ. 19,530. ஒரு நாள் நிற்பதால் ஆகும் நிலைச் செலவும் இழக்கும் வருமானமும் சேர்ந்து ரூ. 5,000 என்றால், நான்காவது நாள் முடியுமுன் அந்த லாபம் முழுதும் கரைந்துவிடும். சுமையை எடுக்க 300 கிலோமீட்டர் சுற்ற நேர்ந்தால், கிலோமீட்டருக்கு ரூ. 20 வீதம் ரூ. 6,000-உம், அதற்குச் செல்லும் ஒரு நாளுக்கு ரூ. 5,000-உம் கழியும்.

ஆகவே திரும்பு சுமையின் மதிப்பு, அது எப்போது தெரியவருகிறது என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. லாரி புறப்படும்போதே தெரிந்தால் அது முழு லாபம். மூன்று நாட்களுக்குப் பின் தெரிந்தால் பெரும்பாலும் வீண். பேட்டையில் நிற்கும் நாட்களில் ஓட்டுநர் லாரியின் நிழலிலேயே சமைத்து உண்டு, அங்கேயே உறங்க நேர்கிறது. காத்திருந்த நாட்களை ஈடுசெய்ய, சுமை கிடைத்த பின் ஓய்வின்றி இரவு பகலாக ஓட்டுகிறார். சாலை விபத்துகளுக்கு இதுவும் ஒரு வழியாகும்.

மற்றொரு தீங்கும் உண்டு. திரும்பும்போது வருமானம் இராது என்று அஞ்சும் உரிமையாளர், போகும்போதே அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகிறார். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த புகழ்பெற்ற சாலைச் சோதனையில், சாலைக்கு உண்டாகும் சேதம் அச்சின் சுமையினது நான்காம் படிக்கு ஏறக்குறைய ஒத்திருக்கிறது என்று தெரியவந்தது. அதன்படி, அச்சின் சுமை 100-க்கு 20 பங்கு மிகுந்தால் சாலையின் சேதம் இரு மடங்குக்கு மேலாகும். வெறும் ஓட்டத்தின் செலவில் ஒரு பகுதி இவ்வாறு சாலையைச் செப்பனிடும் செலவாகவும் மாறுகிறது.

எல்லாச் சுமையும் ஏற்கத்தக்கதன்று

திரும்பு சுமை கிடைத்தது என்பதற்காக எதையும் ஏற்றிவிடலாகாது. 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி, அதனுடன் ஒரே கப்பலில் வந்த கோதுமை மாவு முதலிய உணவுப் பொருள்களில் கசிந்து கலந்ததால், நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பூச்சிக்கொல்லிகளைக் கட்டுப்படுத்தும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்படுவதற்கு அத்துயரம் ஒரு முக்கிய காரணமாயிற்று. நச்சு மருந்து ஏற்றி வந்த லாரியில், நன்கு கழுவிச் சோதிக்காமல் தானியமோ காய்கறியோ ஏற்றுவது கூடாது. மருந்து கசிந்த மரத்தட்டு கழுவினாலும் முற்றிலும் தூய்மையாவதில்லை. இதைக் கிராமங்களில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு, வேளாண்மைத் துறையின் களப்பணியாளர்களுக்கு உண்டு.

சட்டம், செய்தி, நம்பிக்கை

வெறும் ஓட்டம் நேர்வதற்கு முற்காலத்தில் சட்டமும் ஒரு காரணமாயிருந்தது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், சொந்தச் சரக்குக்கென அனுமதி பெற்ற லாரி பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றலாகாது. வேறு ராஜ்யங்களுக்குச் செல்லத் தனித்தனி அனுமதி வேண்டியிருந்தது. 1975-இல் தேசிய அனுமதித் திட்டம் வந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 2010-இல் ஒரே கட்டணத்தில் நாடெங்கும் செல்லும் புதிய முறை ஏற்பட்டது. 2017 ஜூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும், ராஜ்ய எல்லைகளில் இருந்த வணிக வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் தளவாடக் கொள்கையின்படி, பல அரசாங்கத் துறைகளிடமுள்ள போக்குவரத்துச் செய்திகளை ஒன்றிணைக்கும் மின்னணு மேடை ஒன்றும் அமைக்கப்பட்டது. சட்டத்தின் தடைகள் பெரிதும் நீங்கியுள்ளன என்று கூறலாம்.

எஞ்சி நிற்பது செய்தியும் நம்பிக்கையும். நம் நாட்டில் பெரும்பாலான லாரிகள், ஐந்துக்கு மேற்படாத வண்டிகளை உடைய சிறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. வேற்றூரில் அவர்களுக்குக் கிளை அலுவலகம் இல்லை. மொழி தெரியாத ஊரில் ஓட்டுநர் புக்கிங் ஆபீஸ் தரகரையே நம்ப வேண்டியிருக்கிறது. தரகர் செய்வது பயனற்ற வேலையன்று. சரக்குடையவரின் நேர்மைக்கும் லாரியின் பொறுப்புக்கும் அவரே ஈடாக நிற்கிறார். கைப்பேசி மூலம் சரக்கையும் லாரியையும் இணைக்கும் ஏற்பாடுகள் இக்காலத்தில் பல தோன்றியுள்ளன. அவை ஊரையும் வாடகையையும் தெரிவிக்கும். சரக்கை இறக்கிய பின் பணம் உரிய நாளில் வரும் என்ற உறுதி இருந்தாலொழிய, ஓட்டுநர் பழகிய தரகரை விட்டு அவற்றை நாடமாட்டார். ஆகவே வாடகையை உடனுக்குடன் செலுத்துதல், சேதம் பற்றிய வழக்குகளை விரைவில் தீர்த்தல், ஏற்றும் நேரத்தை முன்னதாகக் குறித்து அதைத் தவறாமற் காத்தல் ஆகிய மூன்றும் வெறும் ஓட்டத்தைக் குறைக்கும் சாதனங்களே ஆகும்.

நாம் செய்யக் கூடியவை

ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு கணக்கெடுப்பை நடத்தலாம். சாலையை விட்டு விலகிய, பாதுகாப்பான ஓரிடத்தை, முடிந்தால் எடை மேடை அல்லது சுங்கச் சாவடிக்கு அருகில், அங்குள்ள பொறுப்பாளரின் அனுமதியுடன் தேர்ந்துகொள்க. இரு திசைகளிலும் செல்லும் லாரிகளைத் தனித்தனியே எண்ணுக. டாங்கர், டிப்பர், திறந்த லாரி, மூடிய லாரி என்று வகை பிரித்துக் குறிக்க. மூடிய லாரியில் சுமை இருக்கிறதா என்பதை டயரின் பக்கவாட்டுப் புடைப்பாலும், வில்தட்டுகளின் வளைவாலும், பின்பக்கம் தாழ்ந்திருப்பதாலும் உணரலாம். சில லாரிகளில் சுமை இல்லாதபோது ஓர் அச்சைத் தரையினின்றும் மேலே தூக்கி வைத்திருப்பார்கள். அதுவும் ஓர் அடையாளம்.

எடுத்துக்காட்டாக, கிழக்கு நோக்கிச் சென்ற 100 திறந்த லாரிகளில் 20-உம், மேற்கு நோக்கிச் சென்ற 100-இல் 60-உம் வெறுமையாயிருந்தன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200-க்கு 80, அதாவது 100-க்கு 40 வெறும் ஓட்டம். இதில் தவிர்க்கக் கூடியது எவ்வளவு? கிழக்கே 80 சுமைகளும் மேற்கே 40 சுமைகளும் செல்கின்றன. நேர்த்தியான ஏற்பாடு இருப்பின், கிழக்கே 80 லாரிகள் சுமையோடு சென்று, மேற்கே 40 சுமையோடும் 40 வெறுமையாகவும் திரும்பினால் போதும். 200 ஓட்டங்களுக்குப் பதிலாக 160 ஓட்டங்கள். வெறும் ஓட்டம் 80-லிருந்து 40. எஞ்சிய 40 சரக்கின் சமமின்மையால் வருவது. அதை எந்தக் கணிப்பொறியாலும் அவ்விரண்டு ஊர்களுக்குள் போக்க முடியாது. நீங்கிய 40 ஓட்டங்களே செய்திக் குறைவால் வந்தவை.

இக்கணக்கெடுப்பில் சில எச்சரிக்கைகள் தேவை. பெருநகரங்களுக்குள் பகலில் லாரிகளுக்குத் தடை இருப்பதால், நகருக்கு அருகில் பகற் கணக்கு மட்டும் போதாது. சந்தை நாளில் எடுத்த கணக்கை மற்ற நாட்களுக்குப் பொருத்தலாகாது. ஓரிடத்தில் எண்ணியது லாரிகளின் விகிதமே. ஓடிய கிலோமீட்டர்களின் விகிதமன்று. பாதிச் சுமையோடு செல்லும் லாரிகளைத் தனியே குறித்தல் நலம். பருவந்தோறும் ஒரு முறை எடுத்துவரின், அறுவடைக் காலத்தில் சமமின்மை எத்திசைக்குத் திரும்புகிறது என்பதும் விளங்கும்.

களப்பணியாளர்கள் செய்யத்தக்கது இதனினும் பெரிது. உரமும் சிமெண்டும் ஏற்றிக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கடைகளுக்கும் எந்நாளில் எத்தனை லாரிகள் வருகின்றன என்ற பட்டியல் ஒன்றும், அவ்வட்டாரத்திலிருந்து எந்நாளில் எவ்விளைபொருள் எத்திசைக்குச் செல்கிறது என்ற பட்டியல் ஒன்றும் தயாரித்து, சங்க அலுவலகத்தில் பலர் அறிய எழுதி வைக்கலாம். தனித்தனியே அரை லாரிச் சரக்கு வைத்திருக்கும் உழவர்கள் இருவர் மூவர் ஒன்றுகூடி ஒரே நாளில் ஏற்றினால், வந்த லாரி வெறுமையாகத் திரும்பாது. அவர்களுக்கும் வாடகை குறையும். உணவுப் பொருள் ஏற்றும் வண்டி முன்பு எதை ஏற்றி வந்தது என்று கேட்டறியும் வழக்கத்தையும் அத்துடன் ஏற்படுத்த வேண்டும்.

எஞ்சினின் திறனைச் சிறிது உயர்த்த ஆராய்ச்சிச்சாலைகளில் பல்லாண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது. வெறுமையாகத் திரும்பவிருந்த ஒரு லாரியில் தக்க சுமை ஏறுமானால், அதனினும் பன்மடங்கு எண்ணெய் அன்றே மிச்சமாகிறது. அதற்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. அதை உரிய காலத்தில் உரியவரிடம் சேர்ப்பிக்கும் பணியில் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் ஈடுபடுவார்களாயின், உழவரும் ஓட்டுநரும் நுகர்வோரும் ஒருங்கே பயன் பெறுவர்.